விறைத்த மீனும் மடங்கிய கையும்

என் தொழிலில் ஒரு நாளைக்கு நான் அதிகம் சொல்லும் சொல் "விடுங்க". கையை விடுங்க, தோளை விடுங்க, இறுக்காதீங்க, ஃப்ரீயா விடுங்க. காசிமேடு, ராயபுரம், தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை என்று வீடு வீடாகப் போய் பிசியோதெரபி செய்கிறவன் நான். மூட்டை தூக்கி முதுகு போனவர்கள், வலை இழுத்துத் தோள் போனவர்கள், வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தவர்கள், எல்லோரிடமும் இதையேதான் கேட்கிறேன். பிடிப்பதற்குத்தான் சக்தி வேண்டும், விடுவதற்குச் சும்மா இருந்தால் போதும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். அதனால் விட முடியாதபோது அது தங்கள் பிடிவாதம் என்றே நினைத்துக் கூச்சப்படுகிறார்கள். ஓர் ஆயா மட்டும் கூச்சப்படவில்லை. "நான் எங்க தம்பி புடிச்சினுகீறேன்? அதுவா புடிச்சினுகீது" என்றார்.

காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருத்தெருவாகக் கூடையில் விற்றே பிள்ளைகளை வளர்த்தவர் அவர். வாதத்தில் வலது கை போனது. முதல் சில வாரங்கள் துணிபோலத் தொங்கிய கை, பிறகு மெல்ல மெல்ல மடங்க ஆரம்பித்தது. முழங்கை மடங்கி மார்போடு ஒட்டிக்கொண்டது. மணிக்கட்டு உள்ளே திரும்பியது. கட்டைவிரலை உள்ளே வைத்து மற்ற விரல்கள் மூடிக்கொண்டன. ஒரு நாள் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தபோது என் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: "மீனு செத்தா வெறச்சிக்கும் பாரு. அந்த மாரிதான் கீது. கை செத்துப் பூட்ச்சா தம்பி?"

"இல்ல ஆயா, உயிரோடதான் இருக்கு" என்றேன். அவரும் தலையாட்டிவிட்டார். ஆனால் எனக்கு அந்தக் கேள்வி அதோடு அடங்கவில்லை. விறைத்த மீனில் இருப்பதும் தசைதான், மடங்கிய கையில் இருப்பதும் தசைதான். உள்ளே இருக்கும் புரதங்களும் கிட்டத்தட்ட அவையேதான். ஒன்று செத்ததால் இறுகியது, இன்னொன்று உயிரோடு இருந்தும் இறுகியிருக்கிறது. வாழ்நாள் முழுக்க மீனைத் தொட்டுப் பார்த்தே விலை சொன்ன ஒரு பெண், இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேட்கிறார். "உயிரோடதான் இருக்கு" என்று ஒரு வரியில் முடிக்கக்கூடிய கேள்வியாக அது எனக்குப் படவில்லை.

முதல் தொய்வும் இரண்டாம் தொய்வும்

மீனைப் பற்றி ஆயாவிடமே கேட்டேன். வியாபாரம் பேச ஆரம்பித்தால் அவருக்கு வாய் குழறுவதுகூடக் குறைந்துவிடும். தலையைப் பிடித்துத் தூக்கினால் வால் தொங்கக் கூடாது, நேராக நிற்க வேண்டும். விறைப்பாக இருந்தால் நம்பி எடுக்கலாம் என்றார். இது காசிமேட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதற்கு அடுத்து அவர் சொன்னதுதான் எனக்கு முக்கியம். "இப்பத்தான் செத்த மீனும் தொவளும். அப்பால வெறைக்கும். அப்பால மறுபடி தொவளும். மொதத் தொவளல் வேற, ரெண்டாந் தொவளல் வேற. கண்ணையும் செவுளையும் பாத்தாத்தான் எதுன்னு தெரியும்." வலையில் ரொம்ப நேரம் துடித்துச் செத்த மீன் சீக்கிரம் விறைத்துக்கொள்ளும் என்பதும் அவருக்குத் தெரியும். ஐஸில் போட்டால் விறைப்பு நீடிக்கும் என்பதும் தெரியும்.

மனித உடம்பிலும் இதே மூன்று கட்டங்கள்தான். எங்கள் தெருவில் சாவு விழுந்தால் முதலில் உள்ளே போகிறவர்கள் வயதான பெண்கள். கண்ணை மூடி, தாடையைச் சேர்த்து வாயைக் கட்டி, கையை நேராக்கி, கால் கட்டைவிரல்களை இணைத்துக் கட்டிவிட்டுத்தான் அழவே உட்காருவார்கள். நேரமாகிவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது என்று அவர்களுக்குத் தெரியும். இறந்த உடனே எல்லாத் தசையும் தொய்ந்துவிடுகிறது, அதனால்தான் வாய் திறந்துகொள்கிறது. இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்குள் இமையிலும் தாடையிலும் கழுத்திலும் விறைப்பு தெரிய ஆரம்பிக்கிறது. சுமார் பன்னிரண்டு மணி நேரத்தில் உடம்பு முழுக்கப் பரவிவிடுகிறது. அந்த நேரத்தில் உடம்பு எந்த நிலையில் இருக்கிறதோ அதே நிலையில் நின்றுவிடும். பிறகு ஒன்றிரண்டு நாளில் விறைப்பு விலகுகிறது. சென்னை வெயிலில் எல்லாமே சீக்கிரம் தொடங்கிச் சீக்கிரம் முடியும். ஃப்ரீசர் பெட்டியில் வைத்தால் எல்லாம் தள்ளிப்போகும்.

கடைசியில் வரும் அந்தத் தொய்வைத் தளர்வு என்று எண்ணிவிடக் கூடாது. அப்போது எந்தத் தசையும் எதையும் விடவில்லை. செல்லுக்குள் இருக்கும் நொதிகள் புரதங்களை வெட்டிச் சிதைப்பதால் பிடி அறுந்துபோகிறது, அவ்வளவுதான். உயிர் போன தசை பிடித்ததைத் தானாக விடுவதே இல்லை. இதை ஒரு தடவை ஊன்றி யோசித்தால் நமக்குப் பழகிய எண்ணம் ஆட்டம் காண்கிறது. இறுகுவதற்கு மட்டுமே சக்தி தேவை என்றால், சக்தி தீர்ந்துபோன பிணம் கடைசி வரை தொய்ந்தே அல்லவா கிடக்க வேண்டும்? அது ஏன் விறைக்கிறது?

கயிறு இழுக்கும் கைகள்

ஒரு தசை நாரை நீளவாக்கில் பார்த்தால் குறுக்குக் கோடுகள் தெரியும். அந்தக் கோடுகளுக்கு நடுவே திரும்பத் திரும்ப வரும் ஒரு சிறு அலகு இருக்கிறது, பெயர் சார்கோமியர். தளர்ந்த நிலையில் ஒன்றின் நீளம் இரண்டு மைக்ரோமீட்டருக்குச் சற்று மேலே. ஒரு சென்டிமீட்டர் நாரில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட சார்கோமியர்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் நடுவில் தடித்த இழைகள், மயோசின் என்ற புரதத்தால் ஆனவை. இரண்டு ஓரங்களிலிருந்தும் உள்நோக்கி நீளும் மெல்லிய இழைகள், ஆக்டின் என்ற புரதத்தால் ஆனவை. 1954 மே மாதம் 'நேச்சர்' இதழில் ஒன்றையடுத்து ஒன்றாக இரண்டு கட்டுரைகள் வந்தன. ஒன்று ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் ரோல்ஃப் நீடர்கெர்கேயும் எழுதியது. மற்றொன்று ஹ்யூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும் எழுதியது. இரண்டு ஹக்ஸ்லிகளுக்கும் எந்த உறவும் கிடையாது. இரு குழுவும் கண்டது ஒன்றேதான்: தசை சுருங்கும்போது எந்த இழையும் சுருங்குவதில்லை, மெல்லிய இழைகள் தடித்த இழைகளுக்கு இடையே சறுக்கி உள்ளே போகின்றன.

சறுக்க வைப்பது மயோசினின் தலைகள். ஒரு தடித்த இழையில் சுமார் 300 மயோசின் மூலக்கூறுகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு தலைகள். கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். கயிற்றைப் பிடித்து இழுக்கிறவன் அந்தப் பிடியிலேயே நின்றுவிட்டால் வலை ஒரு முழத்துக்கு மேல் வராது. கையை எடுத்து, முன்னே கொண்டுபோய், மறுபடி பிடித்தால்தான் அடுத்த முழம் வரும். மயோசின் தலை ஒரு தடவை இழுத்தால் ஆக்டின் நகர்வது ஐந்து முதல் பத்து நானோமீட்டர்தான். ஆயிரக்கணக்கான தலைகள் ஆளுக்கொரு நேரத்தில் பிடித்தும் விட்டும் பிடித்தும் விட்டும்தான் ஒரு தேநீர்க் குவளை மேசையிலிருந்து வாய்க்கு வருகிறது.

இதில் ஏடிபி என்ற மூலக்கூறு எந்த இடத்தில் வருகிறது என்பதுதான் விஷயம். உடம்பின் எரிபொருள் ஏடிபி என்று பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். அதனால் அது வந்து இழுவைக்கு உதைப்பு கொடுக்கிறது என்று மனம் தானாக எண்ணிக்கொள்கிறது. நடப்பது வேறு வரிசை. இழுத்து முடித்த தலை ஆக்டினை இறுகப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அந்த நிலையில் அதற்கு எந்த அவசரமும் இல்லை, அப்படியே இருக்கும். ஒரு புது ஏடிபி வந்து அந்தத் தலையில் ஒட்டினால்தான் பிடி நழுவுகிறது. ஏடிபி செய்யும் முதல் வேலை விடுவிப்பது. விடுபட்ட பிறகு அந்த ஏடிபி உடைகிறது. அந்த ஆற்றலில் தலை பின்னோக்கி நிமிர்ந்து அடுத்த இழுவைக்குத் தயாராகிறது. பிறகுதான் மறுபடி ஆக்டினைத் தொட்டு, ஏடிபி உடைந்ததில் வந்த பாஸ்பேட்டை வெளியேற்றி, இழுக்கிறது. இந்தச் சுழற்சியின் வரிசையை லிம், டெய்லர் என்ற இருவர் 1971-ல் தெளிவாக வகுத்துக் கொடுத்தார்கள்.

மூச்சு நின்றபின் புது ஏடிபி உற்பத்தி குறைந்து, கொஞ்ச நேரத்தில் நின்றே போகிறது. பிடித்த தலைகளை விடுவிக்க யாரும் வருவதில்லை. ஒவ்வொரு தலையாக, ஒவ்வொரு நாராக, அப்படியே பூட்டிக்கொள்கிறது. வலையில் துடித்துச் செத்த மீன் ஏன் சீக்கிரம் விறைக்கிறது என்பதும் இதிலேயே இருக்கிறது: துடித்துத் துடித்துக் கையிருப்பை ஏற்கெனவே செலவழித்துவிட்டது.

விடுவதற்கான செலவு இதோடு முடியவில்லை. தலைகள் ஆக்டினைத் தொடலாமா கூடாதா என்று தீர்மானிப்பது கால்சியம். மெல்லிய இழை நெடுகிலும் டிரோபோமயோசின் என்ற நீண்ட புரதம் படுத்துக்கொண்டு, தலைகள் பிடிக்க வேண்டிய இடங்களை மறைத்திருக்கிறது. நரம்பிலிருந்து உத்தரவு வந்ததும் நாருக்குள் இருக்கும் சார்கோபிளாஸ்மிக் ரெட்டிகுலம் என்ற பைகள் திறந்து கால்சியம் கொட்டுகிறது. அது டிரோபோனின் என்ற புரதத்தில் போய் ஒட்ட, டிரோபோமயோசின் நகர்ந்து இடம்விடுகிறது. உத்தரவு நின்றால் கொட்டிய கால்சியம் முழுவதையும் திரும்பப் பைக்குள் ஏற்ற வேண்டும். பைக்குள் இருப்பது வெளியே இருப்பதைவிடப் பல ஆயிரம் மடங்கு அடர்த்தி. மேட்டில் தண்ணீர் தானாக ஏறாது. அதற்கென்றே பையின் சுவரில் பம்புகள் நெருக்கமாகப் பதிந்திருக்கின்றன. இரண்டு கால்சியம் அயனிகளை உள்ளே தள்ள ஓர் ஏடிபி செலவு. வேலை செய்யும் தசை செலவழிக்கும் ஏடிபியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்தப் பம்புக்கும் இதைப் போன்ற அயனி வேலைகளுக்குமே போய்விடுகிறது. ஒரு கையைச் சும்மா தொங்கவிடும் அந்த நொடியில் உள்ளே இத்தனை வேலை.

மதராஸ் மெடிக்கல் காலேஜ் மாணவர் ஒருவர்

இந்த ஏடிபியைக் கண்டெடுத்தவர்களில் ஒருவர் நம் ஊர்ச் சாலைகளில் நடந்தவர் என்பது எனக்குப் பெரிய சந்தோஷம். அதைப் பற்றி இங்கே யாரும் பேசாமலிருப்பது அதே அளவுக்கு வருத்தம். எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895-ல் பீமவரத்தில் பிறந்தவர். சென்ட்ரல் எதிரே இருக்கும் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில்தான் படித்தார். காந்தியின் அழைப்பைக் கேட்டுக் கதர் அணிந்து அறுவைச் சிகிச்சை வகுப்புக்குப் போனது பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் எல்.எம்.எஸ். என்ற கீழ்ப்படிப் பட்டமே கிடைத்தது. சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரியில் கொஞ்ச காலம் பாடம் எடுத்துவிட்டு 1920-களின் தொடக்கத்தில் பாஸ்டனுக்குக் கப்பலேறினார். ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேயுடன் சேர்ந்து, இரத்தத்திலும் திசுவிலும் பாஸ்பரஸ் எவ்வளவு என்று அளக்கும் முறையை 1925-ல் உருவாக்கினார். ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை என்ற பெயரை நம் கல்லூரி உயிர்வேதியியல் மாணவர்கள் தலைமுறை தலைமுறையாக எழுதியிருக்கிறார்கள். அந்த ஃபிஸ்கேவோடு வரும் சுப்பாராவ் யார் என்று எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?

அந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு தசையைப் பார்த்ததால்தான் 1927-ல் தசையின் அவசரச் சக்திக் கையிருப்பான ஃபாஸ்ஃபோகிரியேட்டினும், 1929-ல் ஏடிபியும் அவர்கள் கண்ணில் பட்டன. அதே 1929-ல் ஜெர்மனியில் கார்ல் லோமனும் ஏடிபியைத் தனியாகக் கண்டுபிடித்தார். அதுவரை தசையைச் சுருங்க வைப்பது லாக்டிக் அமிலம் என்பதுதான் கொள்கை. அந்தத் துறையில் உழைத்த ஹில்லுக்கும் மேயர்ஹாஃபுக்கும் 1922-ஆம் ஆண்டின் நோபல் பரிசே போயிருந்தது. 1930-ல் டென்மார்க்கின் லுண்ட்ஸ்கார்ட், லாக்டிக் அமிலம் உருவாகவே முடியாதபடி நஞ்சூட்டிய தசையும் சுருங்குகிறது, அப்போது ஃபாஸ்ஃபோகிரியேட்டின் செலவாகிறது என்று காட்டினார். அது தீர்ந்தபின் அந்தத் தசைகள் என்ன ஆயின தெரியுமா? விறைத்துப்போயின. ஆயாவின் மீன், ஆய்வகத் தட்டில்.

அடுத்த கட்டம் ஹங்கேரியின் செகெட் நகரில், உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது. ஆல்பர்ட் சென்ட்-ஜியோர்ஜியின் ஆய்வகத்தில் ஸ்ட்ராப் ஆக்டினைப் பிரித்தெடுத்தார். ஆக்டினும் மயோசினும் சேர்ந்த இழையில் ஏடிபியைச் சேர்த்தபோது, உயிரில்லாத அந்த இழை கண் முன்னே சுருங்கியது. அதே ஏடிபி, உப்பு அதிகமான கரைசலில், ஒட்டியிருந்த இரு புரதங்களையும் பிரித்துவிட்டது. உலகம் முதலாவதைக் கொண்டாடியது. எனக்கு இரண்டாவதுதான் பெரிதாகப் படுகிறது. பிண விறைப்பும் ஏடிபி தீர்வதும் சேர்ந்தே நடக்கின்றன என்று 1943-ல் காட்டியதும் அந்த ஆய்வகமே.

ஆனாலும் தளர்வைத் தனிக் கேள்வியாக எடுத்துக்கொள்ள இன்னும் சில வருடங்கள் ஆயின. 1950-களின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜில் மார்ஷ், பெண்டல் என்ற இருவர், இறைச்சியில் விறைப்பு எப்படி வருகிறது என்று ஆராய்ந்தவர்கள், தசைச் சாற்றில் தளர வைக்கும் ஏதோ ஒரு காரணி இருப்பதைக் கண்டார்கள். அது என்ன என்று பல வருடங்கள் தேடினார்கள். ஜப்பானில் செட்சுரோ எபாஷியும் ஜெர்மனியில் ஹாசல்பாக்கும் அதைப் பிடித்தார்கள்: காரணி என்று எண்ணியது ஒரு கரையும் பொருளே இல்லை, கால்சியத்தை உறிஞ்சிக்கொள்ளும் அந்தப் பைகளின் துண்டுகள். கால்சியம்தான் சாவி என்று எபாஷி சொன்னபோது பெரிய பெரிய உயிர்வேதியியலாளர்கள் நம்பவில்லை. இவ்வளவு எளிய ஓர் அயனியா என்றார்கள். அவர் விடவில்லை, 1965-ல் டிரோபோனினையும் கண்டுபிடித்தார். அந்தப் பம்பின் அணு அளவிலான வடிவத்தை 2000-ல் வெளியிட்டவரும் ஒரு ஜப்பானியரே, டொயோஷிமா.

பம்பு பழுதானால் என்னவாகும் என்பதற்கும் மனிதச் சான்று உண்டு. உடற்பயிற்சி செய்தால் தசை இறுகிக்கொண்டு விட மறுக்கும் ஒரு நோயாளியைப் பற்றி இர்வின் பிராடி என்ற மருத்துவர் 1969-ல் எழுதினார். தளர்த்தும் காரணி குறைந்திருப்பதே காரணம் என்றார். இன்று அது பிராடி நோய். மாடிப்படி வேகமாக ஏறினால் கால் இறுகிக்கொள்ளும். முஷ்டியை வேகமாக மூடித் திறந்தால் கொஞ்ச நேரத்தில் திறக்காது. சற்று நின்றால் சரியாகிவிடும், ஏனென்றால் பம்பு இருக்கிறது, மெதுவாகத்தான் ஓடுகிறது.

தூக்கத்தில் திறந்த விரல்கள்

ஆயாவின் கேள்விக்குத் திரும்புகிறேன். அவருடைய கையில் இரத்தம் ஓடுகிறது, ஏடிபி இருக்கிறது, பம்பு ஒழுங்காக ஓடுகிறது. பிறகு ஏன் விடவில்லை? பாடப்புத்தகப் பதில் எனக்குத் தெரியும். அதை அவருக்குப் புரியும்படி எந்த முனையில் பிடிப்பது என்பதுதான் தெரியவில்லை. அந்த முனையை எடுத்துக்கொடுத்தவர் அவருடைய மருமகள். நான் கிளம்பும் நேரத்தில், பெரிய விஷயமாக நினைக்காமல் சொன்னார்: "அண்ணா, அத்தை நல்லா அசந்து தூங்கும்போது வெரலு கொஞ்சம் பிரிஞ்சிருக்கு. நான் போய்ப் பாத்தா முழிச்சிக்கறாங்க, உடனே மூடிக்குது."

எனக்கு அது போதுமாக இருந்தது. மறுமுறை போனபோது ஆயாவிடம் கேட்டேன்: "வெறச்ச மீனு ராத்திரியானா தொவண்டு, காலையில மறுபடி வெறைக்குமா ஆயா?"

"அது எப்டி தொவளும், செத்ததுக்கு இன்னா ராத்திரி, இன்னா பகலு" என்றார்.

"உங்க கை தூங்கும்போது தெறக்குதாம். உங்க மருமக பாத்திருக்காங்க."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மருமகளைக் கூப்பிட்டு, "மெய்யாவா?" என்று கேட்டு உறுதி செய்துகொண்டார். அதன் பிறகு என் பக்கம் திரும்பி, "அப்ப இன்னாத்துக்கு முழிச்சா மூடுது?" என்றார். இந்தக் கேள்விக்குத்தான் நான் காத்திருந்தேன்.

தசைக்குத் தானாக மூடிக்கொள்ளத் தெரியாது. முதுகுத் தண்டிலிருந்து நரம்பு உத்தரவு போட்டால்தான் கால்சியம் கொட்டும். தண்டிலிருக்கும் அந்த நரம்புகள் எப்போதும் கொஞ்சம் துடிப்பானவை. தசை லேசாக இழுபட்டாலே சுருங்கு என்று சொல்லிவிடும் சுபாவம். அவற்றைக் கட்டுக்குள் வைப்பது மூளையிலிருந்து இறங்கி வரும் பாதைகள். வாதம் அந்தப் பாதையைத்தான் அறுத்தது. அடக்குகிறவர் போய்விட்டதால் கீழே இருப்பவை ஓயாமல் உத்தரவு போட்டுக்கொண்டேயிருக்கின்றன. பம்பு கால்சியத்தை உள்ளே ஏற்றுகிறது, அடுத்த உத்தரவு வந்து மறுபடி கொட்டுகிறது. மீனில் பிடியை விடச் சக்தி இல்லை. இந்தக் கையில் சக்தி இருந்தும் விடுவதற்கு இடைவெளி இல்லை. "அதுவா புடிச்சினுகீது" என்று அவர் முதலில் சொன்னதே முழு உண்மை. இதையெல்லாம் அவர் பாஷையில் சொல்ல முயன்றேன். கேட்டுவிட்டு அவர் சொன்னது: "அப்ப கை சாவல. அதுக்கு வேலதான் ஜாஸ்தி."

இது தெரிந்தபின் என் கை வேலையும் அதற்குத் தக்கபடிதான் நடக்க வேண்டும். இந்த மாதிரிக் கையைச் சட்டென்று இழுத்தால் அது இன்னும் வேகமாக எதிர்க்கும், ஏனென்றால் இழுபடும் வேகம்தான் அந்தத் தண்டு நரம்புகளைக் கிளறுகிறது. மெதுவாக, மிக மெதுவாகப் போனால் ஓரளவு வழிவிடும். வீட்டில் இருப்பவர்கள் பாசத்தில் வெடுக்கென்று விரலைப் பிரிப்பதை நிறுத்தச் சொல்வது இதனால்தான். சில தசைகளுக்கு போட்டுலினம் ஊசி போடுவார்கள். நரம்பு முனையிலிருந்து, உத்தரவைத் தசைக்குக் கொண்டுபோகும் அசிட்டைல்கோலின் என்ற பொருள் வெளிவருவதை அது தடுத்துவிடுகிறது, உத்தரவு தசைக்குப் போய்ச் சேராது, சுமார் மூன்று மாதம் பிடி இளகியிருக்கும். ஒன்றும் செய்யாமல் மடங்கியபடியே மாதக்கணக்கில் விட்டால் வேறு ஆபத்து. தசை அந்தக் குட்டை நீளத்துக்கே தன்னைப் பழக்கிக்கொண்டு, வரிசையில் இருக்கும் சார்கோமியர்களின் எண்ணிக்கையையே குறைத்துவிடும். சுற்றியிருக்கும் சவ்வும் தடிக்கும். அதற்குப் பிறகு தூக்கத்திலும் விரல் பிரியாது.

வளைகோட்டின் இறங்கும் பக்கம்

உடலியல் படித்த எல்லோரும் ஒரு படம் வரைந்திருப்பார்கள். தவளையின் கெண்டைக்கால் தசைக்கு ஒரே ஒரு மின் துடிப்பு கொடுத்து, புகை படிந்த உருளையில் அது கிறுக்கும் கோடு. தொடங்குமுன் 0.01 வினாடி அமைதி, சுருங்க 0.04 வினாடி, தளர 0.05 வினாடி. ஏறும் பக்கத்தைவிட இறங்கும் பக்கம் நீளம். தசையைக் களைக்க வைத்து மறுபடி எடுத்தால் உயரம் குறையும், அதோடு இறங்கும் பக்கம் இழுத்துக்கொண்டே போகும். ஏறும் பக்கத்தைப் பற்றித்தான் தேர்வில் பக்கம் பக்கமாகக் கேட்கிறார்கள். இறங்கும் பக்கத்துக்கு ஒரு வரி.

அந்த இறங்கும் பக்கத்தை நான் வாரந்தோறும் பார்ப்பது குத்துச்சண்டைப் பையன்களிடம். வடசென்னையில் பாக்ஸிங்குக்கு எவ்வளவு மதிப்பு என்று இங்கே சொல்லத் தேவையில்லை. மூன்று நிமிடம் வீதம் மூன்று ரவுண்டு. முதல் ரவுண்டில் பளிச்சென்று போய்த் திரும்பும் கை, மூன்றாவதில் கனத்துவிடுகிறது. குத்து நேராகப் போக முழங்கையை நீட்டும் தசை இறுக வேண்டும், மடக்கும் தசை அதே நேரத்தில் முழுக்க விட வேண்டும். களைத்த தசையில் ஏடிபி உடைந்த மிச்சமான பாஸ்பேட்டும் மற்றதும் தேங்கிக் கிடக்க, கால்சியம் பம்பு மந்தமாகிறது, மடக்கும் தசை சரியாக விடுவதற்குள் அடுத்த குத்துக்கான நேரம் வந்துவிடுகிறது. பையன் தன் கையையே எதிர்த்துக் குத்திக்கொண்டிருப்பான். ஓரத்தில் நிற்கும் மாஸ்டர் "டைட் பண்ணாத, லூசா வுடு, லூசா வுடு" என்று தொண்டை கிழியக் கத்துவதை வெறும் உற்சாகக் கூச்சல் என்று யாரும் எண்ண வேண்டாம். அவர் கேட்பது உடம்பில் மிகச் செலவு பிடிக்கும் ஒன்றை.

இதயத்தில் இது இன்னும் பெரிய விஷயம். நிமிடத்துக்கு 75 துடிப்பு என்றால் ஒரு சுற்றுக்கு 0.8 வினாடி. அதில் சுருங்குவது சுமார் 0.3, தளர்ந்து நிரம்புவது சுமார் 0.5. இடது கீழறைத் தசைக்கு இரத்தம் பெரும்பாலும் கிடைப்பதும் இந்தத் தளரும் நேரத்தில்தான். இங்கேயும் அதே கால்சியம், அதே வகைப் பம்பு. வயதோடும், வருடக்கணக்கான இரத்தக் கொதிப்போடும், சர்க்கரையோடும் இதயம் முதலில் இழப்பது பெரும்பாலும் இந்தத் தளரும் வேகத்தை. எக்கோ ரிப்போர்ட்டில் "கிரேடு 1 டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன்" என்று வருவது இதுதான். அந்த வரியோடு என்னிடம் வருகிறவர்கள் அநேகம். இதய நோய்க்கு நான் மருத்துவர் இல்லை, ஆனால் பயத்தோடு வருகிறவரை ரிப்போர்ட்டைப் படிக்காமல் அனுப்பவும் மனம் வராது.

பக்கத்துத் தெரு பெரியவர் ஒருவர், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அப்படி வந்தார். ரிப்போர்ட்டில் பம்பிங் அறுபது சதவீதம், அதாவது நார்மல். அந்த நார்மலைப் பார்த்துவிட்டு, இதயத்தில் ஒன்றுமில்லை என்று தானே முடிவு கட்டி, பிரஷர் மாத்திரையை நிறுத்தியிருந்தார். ஆனால் மார்க்கெட் போய் வந்தால் மூச்சு வாங்குகிறது. இதயச் செயலிழப்பில் ஏறத்தாழ பாதிப் பேருக்குப் பம்பிங் அளவு நார்மலாகவே இருக்கும் என்பதையும், கெட்டியாகி மெதுவாகத் தளரும் இதயத்துக்குள் இரத்தம் இறங்க இடமில்லாவிட்டால் அழுத்தம் நுரையீரலுக்குத் திரும்பும் என்பதையும், மூச்சு அதனால்தான் வாங்குகிறதா என்று டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பதையும் பொறுமையாகச் சொன்னேன். "அப்போ புடிக்கிறது நல்லாருக்கு, வுடுறதுலதான் லேட்டு, அப்படியாப்பா?" என்று கேட்டுக்கொண்டார். ஆமாம் என்றேன். அந்த வாரமே டாக்டரைப் பார்த்து, பிரஷர் மாத்திரையைத் திரும்பத் தொடங்கிவிட்டார்.